தினமும் முருங்கைக்கீரை, ரத்தம் 8.4

ரத்ததான முகாமில் விரல்நுனியைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிக் குப்பியில் இருக்கிற நீலத் தண்ணீருக்குள் விடுவார்கள். அந்த நீலம் வேறொன்றும் இல்லை, ரப்பர் மரத்துக்கு மருந்தடிக்க எங்கள் பக்கம் கலக்குகிறோமே, அதே துருசுதான் (காப்பர் சல்பேட்). அளவாகக் கரைத்து வைத்திருப்பார்கள். ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் சொட்டு கனத்துப் பதினைந்து வினாடிக்குள் அடியில் போய் உட்கார்ந்துவிடும். குறைந்தால் மிதக்கும்.

என் சொட்டு கொஞ்சம் இறங்கியது. பிறகு மனசு மாறினது போலத் திரும்பி மேலே வந்து, குன்றிமணி மாதிரி உருண்டு நின்றது.

"அக்கா, உங்ககிட்ட எடுக்க முடியாது. நீங்கதான் யார்கிட்டயாவது வாங்கணும் போல இருக்கு" என்று அந்த நர்ஸ் பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூட வந்த பக்கத்து வீட்டு மைனி ரத்தம் கொடுத்துவிட்டு, பிஸ்கட்டும் ஜூஸுமாக உட்கார்ந்திருந்தார். நான் வெறுங்கையோடு எழுந்து வந்தேன். எனக்கு 43 வயது. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் திங்கள்சந்தைக்கும் நடுவில் வீடு; முன்னறையில் தையல் மெஷின். கிணற்றடியில் இரண்டு முருங்கை நிற்கிறது. வாரத்தில் ஐந்து நாள் மீன் கறி. தெருவில் யாருக்காவது தலைசுற்றல் என்றால் "முருங்கைக்கீரை தின்னுங்க" என்று முதலில் வாய் திறப்பவளும் நான்தான். அந்த வாய்க்குத்தான் இந்த அடி.

மறுநாள் லேபில் முறையாக எடுத்துப் பார்த்தேன். 8.4. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே வந்தாலே ரத்தசோகை என்று கணக்கு. இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பாதிக்கு மேல் பேருக்கு ஒரே தீனம் என்றால் அது தீனமாகவே தெரியாது போலிருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை வயது என்று நினைத்தேன். சீப்பு நிறைய முடி வந்ததைக் கிணற்றுத் தண்ணீர் மேல் போட்டேன்.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பச்சையா அரிசி தின்பீங்களா?"

தின்பேன். ஒரு வருஷமாகவே தின்றுகொண்டிருந்தேன். மெஷின் பக்கத்தில் நூல்கண்டு டப்பாவுக்குப் பின்னால் ஒரு கிண்ணத்தில் அரிசி இருக்கும். துணி தைக்கத் தைக்க ஒவ்வொரு சிட்டிகையாக வாயில் போட்டு நொறுக்குவேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு அரிசி, மண், சாம்பல், ஐஸ்கட்டி இப்படி எதையாவது தின்னத் தோன்றுவது மருத்துவத்தில் தெரிந்த விஷயமாம். நான் அதை ஒரு கெட்ட பழக்கம் என்று நினைத்து, செவ்வாய், வெள்ளி அரிசி தொடமாட்டேன் என்று நேர்ச்சைகூட வைத்திருந்தேன். உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஒளித்துத் தின்றால் திட்டாதீர்கள். ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி மாதவிலக்கைப் பற்றி. மூன்றாவது, "சோறு தின்னு எவ்வளவு நேரம் கழிச்சு சாயா குடிப்பீங்க?"

"கையோட."

"காலையிலயும்?"

"மூணு நேரமும். கட்டஞ்சாயா. பால் ஊத்தமாட்டேன்." பால் ஊற்றாததைப் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் ஒரு பழைய மருந்துச்சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். நான் தையற்காரி. அளவு, கணக்கு என்றால் சட்டென்று புரியும். அதை இங்கே அப்படியே தருகிறேன்.

வயது வந்த பெண் ஒருத்திக்கு ஒரு நாளுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரை. ஆணுக்கு 19. பச்சை முருங்கைக்கீரை 100 கிராமில் இரும்பு 4, 5 மில்லிகிராம்தான் இருக்கிறது. இணையத்தில் 25, 28 என்றெல்லாம் போடுகிறார்களே, அது காயவைத்துப் பொடித்த கீரையின் கணக்கு. நாம் சாப்பிடுகிற ஒரு கரண்டித் துவரன் (பொரியல்) 50 கிராம் கீரை என்று வைத்துக்கொண்டால் இரண்டு மில்லிகிராம் சொச்சம். அதிலும் செடியிலிருந்து வரும் இரும்பில் பத்தில் ஒரு பங்கு ரத்தத்துக்குப் போனாலே பெரிய காரியம். மீன், இறைச்சி, ஈரல் வழியாக வரும் இரும்பு வேறு வகை. அதை உடம்பு இன்னும் தாராளமாக எடுத்துக்கொள்ளும்.

செலவுப் பக்கம் பார்த்தால், நல்ல ரத்தம் ஒரு மில்லி வெளியே போனால் அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. எனக்கு ஒன்றரை வருஷமாக மாதவிலக்கு ஏழெட்டு நாள் போய்க்கொண்டிருந்தது. மாதம் 80 மில்லி போனால் 40 மில்லிகிராம். உடம்பு ஒரு நாளைக்கு உணவிலிருந்து இழுத்துக்கொள்வதே ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். வரவு அணா கணக்கு, செலவு ரூபாய் கணக்கு. ஸ்கேனில் கருப்பையில் ஒரு சிறு நார்க்கட்டி தெரிந்தது. அதற்குத் தனி வைத்தியம் நடந்தது, அந்தக் கதை வேண்டாம். பூச்சி மாத்திரையும் ஒன்று கொடுத்தார். விளையில், அதாவது தோட்டத்தில், செருப்பில்லாமல் நடக்கிறவர்களுக்குக் கொக்கிப்புழு காலின் தோல் வழியாகவே ஏறும், குடலில் இருந்துகொண்டு ரத்தத்தை உறிஞ்சும். ரப்பர் விளைக்காரர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

சாயாவுக்கு வருவோம். தேயிலையில் இருக்கிற துவர்ப்புச் சத்து இரும்போடு ஒட்டிக்கொண்டு அதைக் குடலிலேயே வெளியே தள்ளிவிடும். கீரையைத் தின்று, அதன் மேலேயே கட்டஞ்சாயாவை ஊற்றுவது, குடத்தில் தண்ணீர் பிடித்துக் கையோடு குடத்தைக் கவிழ்ப்பது மாதிரி. காப்பியும் இதே வேலையைச் செய்யும். நேர்மாறாக நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா, பச்சை மாங்காய் இவை எல்லாம் செடி இரும்பைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகும். வைட்டமின் சி செய்கிற வேலை அது. சாயாவை விட வேண்டாம், சோற்றுக்கும் சாயாவுக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரமாவது விடுங்கள் என்றார். இது எனக்கு அவர் கொடுத்த இரும்பு மாத்திரையைவிடக் கஷ்டமாக இருந்தது. முதல் வாரம் தலைவலியே வந்தது.

இத்தனைக்கும் வாரத்தில் ஐந்து நாள் மீன் என்று சொன்னேனே, அது எங்கே போனது? அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எண்ணினேன். குளச்சலில் இருந்து பைக்கில் வருகிற மீன்காரரிடம் வாங்கின சாளை (மத்தி), சட்டியில் பத்து. வீட்டுக்காரர் கொத்தனார் வேலைக்குப் போய் வருகிறவர், அவருக்கு மூன்று. பெரியவனுக்கு நான்கு, சின்னவளுக்கு இரண்டு. மிச்சம் ஒன்று. அந்த ஒன்றையும் காலையில் பெரியவனுக்குப் பழஞ்சோற்றுக்கு வைத்துவிட்டு, நான் கறிச்சாறை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன். சட்டியை வழித்து ஒரு உருண்டை சோறு. அதன் ருசி தனிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் "வாரத்தில் ஐந்து நாள் மீன்" என்று டாக்டரிடம் சொன்னது சட்டியின் கணக்கு, என் தட்டின் கணக்கு இல்லை. யாரும் என்னைத் தின்னாதே என்று சொன்னதும் கிடையாது. கடைசியில் உட்கார்ந்தால் கடைசியில் இருப்பதுதான் கிடைக்கும், அவ்வளவுதான்.

மாத்திரை விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டது, வெளிக்குப் போனால் கறுப்பாகப் போனது. பயந்து நிறுத்திவிட்டேன். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் கறுப்பாகப் போவது சாதாரணம் என்று ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மூன்று வாரம் வீணானது. பிறகு டாக்டரம்மா ஒன்று விட்டு ஒரு நாள் எடுக்கச் சொன்னார், வயிறு அடங்கியது. எலுமிச்சைத் தண்ணீரோடு எடுக்கலாம். பால், சாயா, கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்து எடுக்கக்கூடாது. நாலு மாதத்தில் 11.3 வந்தது. வந்ததும் நிறுத்திவிடாமல் இன்னும் மூன்று மாதம் எடுக்கச் சொன்னார், ஏனென்றால் ரத்தத்தில் ஏறின பிறகுதான் உடம்பு தன் சேமிப்பை நிரப்ப ஆரம்பிக்கும். ஃபெரிட்டின் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது, அந்தச் சேமிப்பைக் காட்டுவது அதுதான். எனக்கு முதலில் 6 இருந்தது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 15-க்குக் கீழே போனால் சேமிப்பு காலி.

ஒன்று முக்கியம். ரத்தம் குறைவு என்றதும் கடையில் இரும்பு டானிக் வாங்கிக் குடிப்பவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். தலசீமியா என்கிற பரம்பரைக் குறையிலும் ரத்தம் குறைந்துதான் காட்டும், அங்கே இரும்பை ஏற்றினால் கெடுதல். பார்த்துவிட்டு எடுங்கள்.

இனி மாமி கதை, அதாவது என் மாமியார் கதை. இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

மாமிக்கு அப்போது 68. கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956-இல் பிறந்தவர். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை நோய், அதற்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். பாட்டா, அதாவது மாமனார், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போனபோது மீன் தொடுவதில்லை என்று நிறுத்தினவர் இன்றுவரை தொடவில்லை. ஆனால் மீன் கறி வைப்பதில் இன்றும் அவரை மிஞ்ச ஆளில்லை. வாசனையிலேயே புளியின் பதம் சொல்வார். உப்பு மட்டும் நான் பார்த்துச் சொல்லவேண்டும். பாலும் பிடிக்காது. முட்டை கேட்கவே வேண்டாம்.

ஒரு நாள் திங்கள்சந்தையில் இருந்து வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து காலைப் பார்த்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"ஒரு செருப்பு எங்க களண்டு விழுந்துண்ணே தெரியல்ல மக்களே."

தார் ரோட்டில், வெயிலில், ஒரு கால் வெறுங்காலாக எவ்வளவு தூரம் நடந்தாரோ தெரியாது. உள்ளங்காலில் ஒரு கண்ணாடிச் சில்லு குத்தி ரத்தம் காய்ந்திருந்தது. அதுவும் தெரியவில்லை. சர்க்கரைக்காரர்களுக்குக் கால் மரத்துப்போகும் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் நாங்களும் "சக்கரைதான்" என்று முடிவுகட்டினோம். எனக்கு அப்போது புதிதாக வந்திருந்த அறிவு வேறு. என் மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் இருக்கிறது, ரத்தம் ஊறும், நரம்புக்கும் நல்லது என்று நானாக நினைத்து மாமிக்கும் தினம் ஒன்று கொடுத்தேன். ஒரு மாதம் கொடுத்தேன்.

அடுத்த முறை என்னோடு அவரையும் கூட்டிப்போனபோது டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொன்னார். வழவழவென்று, மேலே அரும்பே இல்லாமல், சிவந்து கிடந்தது. கொஞ்ச நாளாகவே புளிக்கறி பட்டால் எரிகிறது என்று மாமி சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் ஓர்மை வந்தது. ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவு எடுத்துப் பார்த்தால் 118. 200-க்குக் கீழே போகக்கூடாது.

நான் ஃபோலிக் கொடுத்த கதையைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. பி12 குறைந்தால் இரண்டு இடத்தில் அடி விழும்: ரத்தத்தில் ஒன்று, நரம்பில் ஒன்று. ஃபோலிக் அமிலம் ரத்தத்தில் விழுந்த அடியை மட்டும் மூடி மறைத்துவிடும். காகிதத்தில் ரத்தம் நன்றாகத் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். "ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தருக்குக் கொடுக்காதீங்க. செருப்பை மாத்திப் போடுறதுக்குச் சமம்" என்றார். செருப்பைப் பற்றித்தான் அன்று எல்லாரும் பேசினோம் போலிருக்கிறது.

பி12 இயல்பாகக் கிடைப்பது மீன், இறைச்சி, முட்டை, பால், தயிர் இவற்றில்தான். கீரையில் இல்லை, பயறில் இல்லை, தேங்காயில் இல்லை. பழஞ்சோற்றில் பி12 கொட்டிக்கிடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வரும். அதை நம்பி இருக்காதீர்கள். நாலு சாளை தின்றால் ஒரு நாளைக்கு வேண்டிய 2.2 மைக்ரோகிராமுக்கு மேலேயே கிடைத்துவிடும். நம் கடற்கரைச் சிப்பியில் இன்னும் அதிகம். இதை ஈரல் வருஷக்கணக்கில் சேமித்து வைத்திருக்கும், அதனால் நிறுத்தினதும் ஒன்றும் தெரியாது. மாமி மீனை விட்ட முதல் நாலைந்து வருஷம் பழைய சேமிப்பில் ஓடியிருக்கிறது. மெட்ஃபார்மின் நீண்ட நாள் சாப்பிட்டாலும் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையும். இரண்டும் சேர்ந்துவிட்டது. மெட்ஃபார்மினை அதற்காக நிறுத்தக்கூடாது, வருஷம் ஒரு முறை பி12 பார்த்துக்கொண்டால் போதும் என்றார்.

இதில் எனக்கு இன்றுவரை தாங்காத ஒரு விஷயம் உண்டு. ரேஷன் அரிசியில் நிறம் மாறின, கொஞ்சம் மங்கலான மணிகள் வந்ததல்லவா? அது செறிவூட்டின அரிசி. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மணியாக இழுத்து, நூறு மணிக்கு ஒன்று என்று கலந்தார்கள். மாமி தினமும் காலையில் திண்ணையில் சுளவோடு (முறம்) உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, அந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோழிக்குப் போடுவார். "பிளாஸ்டிக் அரிசியாக்கும் பிள்ளே, வயித்துல கெடந்து சாவும்." நானும் பக்கத்தில் இருந்து பொறுக்கிக் கொடுத்திருக்கிறேன். இரும்பு இல்லாத ஒருத்தி, பி12 இல்லாத ஒருத்தி, இரண்டு பேருமாகச் சேர்ந்து எங்கள் கோழிக்குச் சத்து கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஊசி போட்டார்கள். முதலில் ஒன்று விட்டு ஒரு நாள், அப்புறம் வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. நாக்கு எரிச்சல் மூன்று வாரத்தில் போனது. கால் முழுக்கத் திரும்பவில்லை. விரல்களில் உணர்வு வந்திருக்கிறது, பாதத்தின் முன்பக்கம் இன்னும் பஞ்சு மேல் நிற்கிற மாதிரி இருக்கிறதாம். நாள் கடந்தால் நரம்பு முழுசாகத் திரும்பாது. வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்தோம். மீன் தின்னச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. ஒன்பது வருஷத்து மனசை ஒரு லேப் காகிதம் மாற்றிவிடாது. மோர் குடிக்க ஒத்துக்கொண்டார். அதுவும் "மருந்துண்ணு நெனச்சுக் குடிக்கேன்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு.

பெரியவன் பிளஸ் டூ. ஜிம்முக்குப் போகிறான். இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு டப்பா புரதப் பவுடர் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். நான் மறுபடியும் கணக்குப் போட்டேன். புரதம் ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் என்பது பொதுவான பரிந்துரை. 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். வளர்கிற பையன், பளு தூக்குகிறான் என்று இன்னும் கூட்டியே வைத்துக்கொள்வோம். அந்தப் பவுடரில் ஒரு கரண்டிக்கு 24 கிராம். நாலு முட்டையிலும் அதே அளவு இருக்கிறது. சுத்தம் பண்ணின சாளை 120 கிராமில் இருக்கிறது. காணம், அதாவது கொள்ளு, 100 கிராமில் 22. இதை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஒரு வாரம் பார்த்தான், பிறகு காணத்தை அவனே முளைகட்டிக்கொண்டான். முளைகட்டினால் வைட்டமின் சி கூடும், இரும்பைப் பிடித்து வைக்கிற பைட்டிக் அமிலமும் குறையும். பவுடர் ஆசை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். கூட்டுக்காரன் டப்பாவில் அவ்வப்போது ஒரு கரண்டி போகிறது என்று எனக்குத் தெரியும்.

புரதம் என்றால் நம் மாவட்டத்தில் மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. விசாகம் திருநாள் மகாராஜா 1880-களின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் பரப்பின கிழங்கு இது. 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போய், அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது ஊரைக் காப்பாற்றியதும் இதுதான். மாமியின் அம்மை அந்தக் காலத்தில் மூன்று நேரமும் மரச்சீனி தின்றவராம். ஆனால் மரச்சீனி 100 கிராமில் புரதம் ஒரு கிராம் அளவில்தான் இருக்கிறது. மிச்சமெல்லாம் மாவுச்சத்து. வெறும் கட்டஞ்சாயாவோடு அவித்த மரச்சீனி தின்றால் வயிறுதான் நிறையும். மீன் கறி சேர்ந்தால்தான் அது சாப்பாடு.

இந்தச் சேர்க்கையில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. மரச்சீனியில் சயனைடாக மாறக்கூடிய ஒரு சத்து உண்டு. கசப்பு ரகத்தில் அதிகம். "மூடி போடாம அவிக்கணும், திளைச்ச வெள்ளத்த ஊத்திக் களையணும்" என்று மாமி சொல்வது அதற்குத்தான். கொஞ்சம் தண்ணீரோடு போகும், கொஞ்சம் ஆவியோடு. மிஞ்சினதை உடம்பு மாற்றி வெளியேற்றுவதற்குக் கந்தகம் உள்ள புரதம் வேண்டும், அது மீனில் நிறைய இருக்கிறது. அப்படி மாறினது தைராய்டுக்கு அயோடின் போவதைக் கொஞ்சம் மறிக்கும். கடல் மீனிலும் அயோடின் உப்பிலும் அந்த அயோடின் கிடைத்துவிடும். இந்த வேதியியல் ஒன்றும் தெரியாமல் மரச்சீனிக்குச் சாளைக்கறி என்று பிடித்தவர்களை நினைத்தால் ஆச்சரியம்தான். ஆனால் முன்னோர் செய்ததெல்லாம் இப்படிக் கணக்காக இருந்தது என்றும் சொல்லமாட்டேன். பெண்கள் கடைசியில் சாப்பிட்டதும் அவர்கள் வைத்த வழக்கம்தானே.

கருப்பட்டியைப் பற்றிச் சொன்னால் ஊரில் அடி விழும், இருந்தாலும் சொல்கிறேன். சீனியைவிடக் கொஞ்சம் தாதுச்சத்து கூடுதலாக இருக்கிறது. மற்றபடி அதுவும் சர்க்கரைதான். ரத்தம் ஊறட்டும் என்று மாமி தினம் ஒரு துண்டு கடித்துக்கொண்டிருந்தார், சர்க்கரை அளவு ஏறினதுதான் மிச்சம். உளுந்தங்களியில் போட்டுச் சின்னவளுக்குக் கொடுக்கிறேன், அது வேறு.

வீட்டுக்காரருக்குக் குறை ஒன்றும் இல்லை, கூடுதல்தான்: ரத்த அழுத்தம். கருவாட்டை வாரம் ஒன்றாக்கி, அதையும் வெந்நீரில் ஊறப்போட்டுக் கழுவி வைக்கிறேன். ஆளுக்கு ஒரு நாளுக்கு உப்பு 5 கிராம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, ஒரு டீஸ்பூன். எங்கள் வீட்டில் அது ஊறுகாய்க்கே காணாது.

சமையலில் பெரிதாக ஒன்றும் மாற்றவில்லை. நெத்தோலி அவியலில் பச்சை மாங்காய் முன்னைவிடக் கூடுதல். நெத்தோலியை முள்ளோடு தின்றால் கால்சியமும் கிடைக்கும், பால் பிடிக்காதவர்களுக்கு அது பெரிய வரம். கீரைத் துவரனுக்குத் தேங்காய் போடுவதைக் கொழுப்பு என்று பயந்து நிறுத்தியிருந்தேன், மறுபடி போடுகிறேன்; கீரையில் இருக்கிற வைட்டமின் ஏ உடம்பில் சேர எண்ணெய்ப்பசை வேண்டும். தேங்காய் எண்ணெய் மட்டுமே ஊற்றிக்கொண்டிருந்ததை மாற்றி, நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் முறைவைத்து வாங்குகிறேன். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைகொழுப்பு, உடம்பால் தானாகச் செய்துகொள்ள முடியாத லினோலெயிக் அமிலம் அதில் மிகக் குறைவு. குளச்சல், முட்டம் பக்கம் ஜூன், ஜூலையில் விசைப்படகுகளுக்குத் தடை வரும்போது மீன் விலை ஏறிவிடும். அந்த இரண்டு மாதமும் முட்டையும் காணமும் சிறுபயறுமாக ஓட்டுகிறோம். சம்பா அரிசிச் சோற்றுக் கஞ்சித்தண்ணீரைக் கொட்டுவதில்லை. அதோடு பி வைட்டமின்களும் வழிந்து போகிறது, உப்பு போட்டுக் குடித்துவிடுகிறோம்.

பெரிய மாற்றம் தட்டில். இப்போது நான் சாளையை முதலிலேயே பங்கு வைத்துத் தனித்தனி கிண்ணத்தில் எடுத்துவைக்கிறேன். முதல் நாள் எனக்கென்று இரண்டு எடுத்து வைத்தபோது கை கூசியது, திருடுகிற மாதிரி. சின்னவள் பார்த்துவிட்டு, "அம்மா, உனக்கு மீன் பிடிக்குமா?" என்று கேட்டாள். பதினோரு வயது அவளுக்கு. நான் மீன் தின்று அவள் பார்த்ததில்லை.

இந்த வருஷமும் அதே பள்ளிக்கூடத்தில் முகாம் வைத்தார்கள். போனேன். விரலைக் குத்தினார்கள். சொட்டு இறங்கியது, பாதியில் நின்றது, கொஞ்ச நேரம் யோசித்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பைய, மிகவும் பைய, மேலே வந்தது. மெஷினில் வைத்துப் பார்த்தால் 12.1. "இன்னும் கொஞ்சம்தான் அக்கா, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றது அந்தப் பிள்ளை. இந்த முறையும் பிஸ்கட் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றரை. மாமி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தார்.

"எடுத்தாவளா?"

"இல்ல மாமி. 12.1."

"சவத்த விடு. கைய களுவிட்டு வா." அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தைத் தட்டால் மூடி வைத்திருந்தார். "உனக்குள்ள ரெண்டு சாளை அதுல இருக்கு. உப்பு சரியாண்ணு பாரு. சாயாத் தூள எடுத்து ஒளிச்சு வச்சாச்சு, மூணு மணிக்குத்தான் தருவேன் கேட்டியா."